பீலியைக் கட்டப் போய்க் கற்றுக்கொண்டவை

இலங்கையின் மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பீலி என்றதும் மயிலிறகு நினைவுக்கு வரும். எங்களுக்கு அது தண்ணீர். மலைச்சரிவில் ஊறி வரும் நீரின் வாயில் ஒரு மூங்கிலையோ, வளைத்த தகரத்தையோ, பழைய இரும்புக் குழாயையோ செருகி, நின்றபடி குடம் பிடிக்கவும் தலையில் ஏந்திக் குளிக்கவும் வசதியாக விழச்செய்திருக்கும் இடத்தைப் பீலி என்றும், அதன் அடியில் கல் பாவிய சிறு களத்தைப் பீலிக்கரை என்றும் சொல்லுவோம். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்கணக்கில் (மேல் பிரிவில்) நான் பிறந்து வளர்ந்த லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, இருந்த ஒரே நீர் அந்தப் பீலிதான். முப்பத்தெட்டுக் குடும்பங்கள், ஏறத்தாழ நூற்றறுபது பேர். சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் அந்த ஊற்றை நல்லபடியாகக் கட்டுவதாக நினைத்துக்கொண்டு அதைக் கொன்றுவிடப் பார்த்தோம். பிறகு கட்டியதை உடைத்து, தோண்டி, மீண்டும் கட்டினோம். இதே வேலையில் இறங்கப்போகிற வேறு தோட்டத்தாருக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பீலியின் நாள் அதிகாலை நாலரைக்குத் தொடங்கும். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகுமுன் சமையலுக்கும் குடிப்பதற்கும் பெண்கள் பிடித்து வைத்தாக வேண்டும் என்பதால், முதல் நாள் இரவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வரிசையைக் குலைப்பது லயத்தில் சாமானியமான குற்றம் அல்ல. கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு துணி துவைப்பும் குளிப்பும், இருட்டும் வேளையில் ஆண்களும் பையன்களும் என்று எழுதாத ஓர் ஒழுங்கு இருந்தது. யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்த மலையில் கொழுந்து குறைவு, எந்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளை வந்திருக்கிறது என்பதெல்லாம் பீலிக்கரையில்தான் தெரியவரும். மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிப்பதும் (கும்பத்தில் நீர் நிரப்பி அலங்கரித்து எடுப்பதும்) அங்கேதான். சடங்கான பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்க எடுப்பதும், இழவு வீட்டார் வந்து தலை முழுகுவதும் அதே தண்ணீரில்தான். எல்லாமே இனிமையான நினைவு என்றும் சொல்லமாட்டேன். என் அப்பாயியின் இளமையில் சாதி பார்த்துத் தண்ணீர் பிடிக்கும் நேரம் பிரித்திருந்தார்கள் என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். மறைப்பில்லாத இடத்தில் பெண்கள் உடை மாற்றிக்கொள்ளப் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சிறுவயதில் கேட்டால், மலைக்குள் ஒரு குளம் இருக்கிறது என்பார்கள். குளம் இல்லை. பீலிக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரங்கள், உச்சியில் மிச்சமிருக்கும் ஒரு துண்டுக் காடு. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை அந்தச் சரிவில் விழுகிறபோது, ஒரு பகுதி கான் எனப்படும் வடிகால் வழியாக உடனே ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கும் பகுதி, உக்கிப்போன பாறையின் இடுக்குகளில் ஒரு பஞ்சு உறிஞ்சுவது போல் தங்கி, கீழே உக்காத கருங்கல்லைச் சந்தித்ததும் அதற்குமேல் இறங்க முடியாமல், பாறையின் முதுகோடு சரிந்துவந்து சரிவு மடிகிற இடத்தில் வெளிவருகிறது. அந்த வாயைத்தான் ஊற்றின் கண் என்கிறோம். ஜூனில் பெய்தது உடனே ஓடிப்போகாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருப்பதால்தான் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் மழையில்லாக் காய்ச்சலிலும் குடம் நிரம்புகிறது. ஆகவே ஊற்று என்பது அந்தக் கண் மாத்திரம் அல்ல, மேலே இருக்கும் மேடு முழுவதும்தான். இந்த ஒரு விஷயம் எங்களுக்கு முதலிலேயே விளங்கியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

பீலியில் விழுந்து மிஞ்சும் தண்ணீர் கான் வழியாக ஓடைக்கும், ஓடையிலிருந்து கெசல்கமு ஓயா என்ற ஆற்றுக்கும், அங்கிருந்து 1965 இல் கட்டி முடிக்கப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. மின்சாரம் எடுத்த பிறகு அது களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்பின் வீட்டுக் குழாய்களில் வருகிறது. ஊறுகிற இடத்தில் இருக்கும் நாங்கள் சுத்திகரிக்காத தண்ணீரைக் குடத்தில் சுமக்கிறோம். இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி அந்த உள்ளூராட்சிச் சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தம் பணத்தைச் செலவிட வழியில்லாமல் இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். அதுவரை தோட்ட நிர்வாகம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் நாங்களேதான்.

வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்ற பேச்சு எழுந்து, சீமெந்துக்கும் குழாய்க்கும் வெளியாரிடம் உதவியும் கிடைத்தபோது ஒரு குழு அமைத்தோம். நான் எழுத்து வேலைக்கு. முதல் தவறு அளவையில் நடந்தது. ஊற்று எவ்வளவு தருகிறது என்று பார்க்க நவம்பர் மாதத்தில் போனோம். மழை விட்ட மறுநாள். பத்து லீற்றர் வாளி இருபது விநாடியில் நிரம்பியது. நிமிடத்துக்கு முப்பது லீற்றர் என்று எழுதி, அதை நம்பிக் குழாயின் பருமனையும் வீடுகளுக்கான இணைப்பையும் தீர்மானித்தோம். அடுத்த மார்ச்சில் அதே வாளிக்கு ஐம்பது விநாடி பிடித்தது, அதாவது நிமிடத்துக்குப் பன்னிரண்டு லீற்றர். ஊற்றை அதன் மெலிந்த மாதத்தில் அளக்க வேண்டும். முடிந்தால் ஓர் ஆண்டு முழுக்க மாதம் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். பன்னிரண்டு லீற்றரும் குறைவானதல்ல. நாளொன்றுக்கு 17,280 லீற்றர், ஆளுக்கு நூற்றெட்டு லீற்றர் வரும். ஆனால் அதில் கால்பங்கு எல்லோரும் தூங்கும்போது வீணே ஓடுகிறது. இரவு பத்திலிருந்து காலை நான்கு வரையிலான ஆறு மணி நேரத்தில் மாத்திரம் 4,320 லீற்றர். ஐயாயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்று இருந்தால் அந்த இரவுத் தண்ணீரைப் பிடித்துவிடலாம் என்பதை வாளிக் கணக்கே எங்களுக்குச் சொல்லிவிட்டது. பொறியியலாளர் வந்து சொன்னதல்ல.

இரண்டாவது தவறு பெரியது. மேல் லயத்தின் ஐந்து வீடுகள் ஊற்றைவிடச் சற்று உயரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் தண்ணீர் ஏற வேண்டுமென்று, கண்ணைச் சுற்றி நாலு பக்கமும் கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பி, அதை ஏறத்தாழ மூன்றடி உயர்த்தி, வெளியேறும் குழாயை மேலே வைத்தோம். மேசன் பாஸ், அதாவது கொத்தனார், வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கண்ணுக்குள் தெரிந்த வெடிப்புகளை அழுக்கு நுழையாதிருக்கச் சீமெந்து பூசி அடைத்தும் விட்டோம். முதல் வாரம் தொட்டி நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்தது. தேங்காய் உடைத்துப் படமும் எடுத்துக்கொண்டோம்.

மூன்று வாரம் கழித்து, பீலிக்கு இடது பக்கம் பன்னிரண்டு அடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் மண் ஈரமாக இருப்பதைக் கொழுந்தெடுக்கப் போன ஓர் அக்காதான் முதலில் பார்த்தார். "தம்பி, காய்ச்சல் மாசத்துல அங்கன மட்டும் கால் புதையுது, போய்ப் பாருங்க" என்றார். நாங்கள் போகவில்லை. மாசி முடிவதற்குள் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஆனது. வரத்து பாதிக்கும் கீழே போய்விட்டது. உயர்த்திய சுவருக்குள் தேங்கிய தண்ணீர் தன் பாரத்தால் ஊற்றையே பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. முன்வாசல் அடைபட்டதும் அது மண்ணுக்குள் வேறு இடுக்கைத் தேடிப் போய்விட்டது. ஊற்றுத் தொட்டியில் நீர்மட்டம் ஒருபோதும் இயற்கையான கண்ணின் மட்டத்துக்கு மேலே ஏறக்கூடாது என்பது இந்த வேலை தெரிந்த எவரும் சொல்லும் முதல் பாடமாம். எங்களுக்குச் சொன்னவர், எல்லாம் ஆன பிறகு வந்து பார்த்த, ஓய்வு பெற்ற நீர்வேலை மேற்பார்வையாளர் ஒருவர். அவர் கோபப்படவில்லை. தொட்டியைச் சுற்றி நடந்துவிட்டு, "அலவாங்கு இருக்கா?" என்று கடப்பாரையை மாத்திரம் கேட்டார்.

போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளொன்றில், எல்லோரும் கூலியின்றிக் கூடி உழைக்கும் சிரமதானம் வைத்து உடைத்தோம். சீமெந்து போனதும் பாறையின் முதுகைப் பிடித்தபடி சரிவுக்குள் மெதுவாகத் தோண்டச் சொன்னார். மேலே கரிய மண், அதன்கீழ் மஞ்சள் மண், பிறகு கையில் எடுத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்கும் சாம்பல் நிறக் களி. நாலடி உள்ளே போனபோது விரல் நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு. அதன் வாயில் மணல் துகள்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு துகளும் எழும்பி, புரண்டு, அதே இடத்தில் விழுந்து, மறுபடி எழும்பியது. அத்தனை பேரும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தோம். ஐம்பது வருடமாக அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள்கூட அதன் வாயை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

பிறகு அவர் சொன்ன முறையில் கட்டியது இப்படித்தான். மேட்டுப் பக்கம் சுவரே இல்லை. அங்கே கழுவிய கருங்கல் சல்லியை, உள்ளே பெரியதும் வெளியே சிறியதுமாக அடுக்கி, தண்ணீர் தடையின்றிப் புகவிட்டோம். பள்ளத்துப் பக்கமும் இரு புறங்களிலும் மாத்திரம் பாறையில் ஊன்றிய சுவர், சுவரின் வெளிப்புறத்தில் தண்ணீர் கசிந்து ஓடாதிருக்க மிதித்து இறுக்கிய களி. மிச்சத் தண்ணீர் வெளியேறும் குழாய் கண்ணைவிடக் கீழே. வீடுகளுக்குப் போகும் குழாய் அதற்கும் கீழே, ஆனால் அடி மண்டி உள்ளே இழுபடாதபடி தொட்டியின் தரையிலிருந்து நாலு விரல் மேலே. தரையோடு ஒட்டிக் கழுவிவிடும் குழாய் ஒன்று. குழாய் வாய்களுக்கெல்லாம் வலை, இல்லாவிட்டால் தவளையும் நண்டும் உள்ளே குடியேறிவிடும். மேலே தூக்கி எடுக்கக்கூடிய கொங்கிறீற்று மூடி, அதற்குப் பூட்டு. சல்லிக்கு மேலே களியும் மண்ணும் போட்டுப் புல் பதித்தோம். வாளி நேரம் இரண்டு மாதத்தில் ஐம்பத்தைந்து விநாடிக்குத் திரும்பியது. தேயிலைக்குள் போன ஈரத்தில் கொஞ்சம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது; போனது முழுவதும் வந்துவிடவில்லை. மேல் லயத்து ஐந்து வீடுகளுக்குத் தண்ணீர் தானாக ஏறாது என்பதை ஒப்புக்கொண்டு, படிக்கட்டின் அடியில் அவர்களுக்குப் பொதுக் குழாய் வைத்தோம். அந்த மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் வந்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கை எங்களிடம் வேரோடியிருந்தது. ஆனால் பெருமழை பெய்த அன்றே பீலி கலங்கும். மண்ணுக்குள் மாதக்கணக்கில் வடிகட்டப்பட்டு வரும் தண்ணீர் மழை பெய்த சில மணி நேரத்தில் கலங்கினால், மேற்பரப்புத் தண்ணீர் எங்கோ நேராக உள்ளே நுழைகிறது என்று பொருள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்துப் போய்ச் சோதித்ததில் மலத்தில் இருக்கும் ஈ. கோலை கிருமி இருந்தது. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதுவரை பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குக் கண்ணேறு கழித்துக்கொண்டிருந்தோம். மேட்டுப் பக்கம் ஏறிப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது: குடும்பம் பெருகியதால் புதிதாகக் கட்டிய இரண்டு கழிவறைக் குழிகள் ஊற்றுக்கு மேலே, முப்பது மீற்றருக்குள் இருந்தன. மாட்டுப்பட்டி ஒன்றும் இருந்தது. குழிகளை மாற்றுவதற்கு அந்த இரு குடும்பங்களைச் சம்மதிக்கவைக்க ஏழு மாதம் ஆனது. குழி வெட்டும் கூலியை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்வது என்று முடிவான அன்றே விஷயம் முடிந்தது; அதற்கு முன்னர் நடந்ததெல்லாம் யார் மீது குற்றம் என்ற வழக்குத்தான். தொட்டிக்கு எட்டு மீற்றர் மேலே பிறைவடிவில் ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டோம். அதற்குள் ஆடு மாடு வராதபடி வேலி போட்டோம். கலங்கல் நின்றது. ஆனாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே குடிக்கிறோம், தாங்கியைக் கழுவும்போதெல்லாம் குளோரின் போடுகிறோம்.

கொதிக்கவைத்தாலும் போகாதது ஒன்று உண்டு, அது மேலே தேயிலைக்குப் போடும் உரமும் களைகொல்லியும். கிளைபோசேட் என்ற களைகொல்லி 2015 இல் நாட்டில் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நிலம் எங்களுடையது அல்ல. அரசுக்குச் சொந்தமான தோட்டங்களைக் கம்பனிகள் 1992 இலிருந்து நிர்வகிக்கின்றன. ஆகவே தோட்ட மேலாளரான துரையிடம் போய், ஊற்றுக்கு மேலே உள்ள நாலு வரிசைத் தேயிலைக்கு மருந்தடிக்காமல் கையால் புல் வெட்டுவதென்றும், அந்த இடத்தில் புதிதாக டர்பன்டைன் வைப்பதில்லையென்றும் எழுத்தில் கேட்டோம். வாய்ப்பேச்சாக ஒத்துக்கொள்வது எளிது. துரைமார் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடுவார்கள், புதியவருக்கு முந்தியவர் சொன்னது தெரியாது. கையொப்பமிட்ட அந்த ஒற்றைத் தாள்தான் இரண்டு துரைமாரைக் கடந்து எங்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. பிரதியெடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம்.

மேட்டில் தண்ணீரை இறக்க வேண்டும் என்றதும், சரிவெங்கும் குழி வெட்டினால் என்ன என்று எங்கள் பையன்கள் கிளம்பினார்கள். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். தேயிலைக் கான்களுக்குள் இடையிடையே தடுப்பு விட்டு வெட்டுவது, ஓடும் தண்ணீர் கொஞ்சம் தங்கி மண்டியை விட்டுவிட்டுப் போவதற்காக நம் முன்னோர் காலத்திலிருந்தே தோட்டங்களில் இருக்கும் பழக்கம். பராமரிப்பில்லாமல் தூர்ந்துபோனவற்றைத் துப்புரவாக்கினால் போதும். செங்குத்துச் சரிவில் புதுக் குழிகளை வெட்டி மழைநீரை நிறுத்துவது வேறு விஷயம், அது மண்ணை ஊறவைத்துச் சரிவையே கீழே கொண்டுவரலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை மறந்துவிட்டு மலையகத்தில் யாரும் மண்ணில் கை வைக்க முடியாது. நாங்கள் மண்சரிவு அபாயத்தைப் பார்க்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலர்களிடம் கேட்ட பிறகே மேட்டில் வேலை செய்தோம். அவர்கள் சொன்னதில் ஒன்று எங்கள் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது: பெருமழை நாட்களில் இருந்த ஊற்று திடீரென்று நின்றாலோ, சேறாகக் கலங்கி வந்தாலோ, இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பினாலோ, பழுது பார்க்கப் போகாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவை விட்டு வெளியேற வேண்டும். ஊற்றைத் தினமும் பார்க்கும் பழக்கம் தண்ணீருக்காக மாத்திரம் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பழக்கம் குறைந்துபோகும் என்பதுதான் வீட்டுக் குழாயால் வந்த புதுச் சிக்கல். குழாய் வந்த ஆறாவது மாதத்தில் பீலிக்கரை பாசி பிடித்து, வழுக்கி, ஆளில்லாமல் கிடந்தது. முன்னர் எண்பது கண்கள் பார்த்த இடத்தை இப்போது யாரும் பார்ப்பதில்லை. வலை கிழிந்து ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பெண்கள் கூடிப் பேசி ஒரு கோரிக்கை வைத்தார்கள்: மிச்சத் தண்ணீரைக் கானில் விடாமல் பழைய பீலியிலேயே விழவிட வேண்டும், மூன்று பக்கம் தகரம் அடித்து மறைப்புக் கட்டித் தர வேண்டும், துவைகல் பழையபடி வேண்டும். குழுவில் அதுவரை இரண்டு பெண்கள்தான் இருந்தார்கள், இருவரும் கூட்டத்தில் பேசியதில்லை. கோரிக்கையை நிறைவேற்றியதற்கு ஆன செலவு, நாங்கள் முதலில் உடைத்தெறிந்த கொங்கிறீற்றின் விலையில் கால்வாசிகூட இல்லை. இப்போது போர்வையும் கம்பளியும் துவைப்பதற்கும், ஞாயிற்றுக்கிழமைக் குளிப்புக்கும் ஆட்கள் வருகிறார்கள். மேலே ஏதாவது உடைந்தால் அன்றே செய்தி வருகிறது. குழுவின் தலைவியும் இப்போது, ஈர மண்ணை முதலில் பார்த்துச் சொன்ன அதே அக்காதான்.

போயா நாள்தோறும் வாளியோடும் கைப்பேசியோடும் இரண்டு பேர் மேலே போய் நேரம் பார்த்து எழுதுகிறார்கள். மாரியம்மன் கோயில் உண்டியலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஒற்றை ரூல் கொப்பிதான் எங்கள் பதிவேடு. மாதம், விநாடி, கலங்கலா தெளிவா, பார்த்தவர் பெயர் என்று நாலு கோடு. கடந்த பங்குனிப் போயாவுக்கு நேராக ஐம்பத்து மூன்று விநாடி, தெளிவு என்று இருக்கிறது. மறுவாரம் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்கப் போனபோது பூசாரி ஐயா செம்பை நீட்டுமுன் பீலிக்கு அருகே காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். "சத்தம் பழையபடி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செம்பைப் பிடித்தார்.